காற்றுப்பையும் கைக்குழந்தையும்

மலர்க்குழு நண்பர்கள் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். "சார், கோயில், கல்வெட்டு, சங்க இலக்கியம் எல்லாம் ஏற்கெனவே ஆள் போட்டாச்சு. நீங்க வண்டித் தொழில்ல இருந்தவர், அதுல இருந்தே ஏதாவது வரலாறு எழுதுங்க" என்றார் செயலாளர். பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியில் கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதை எழுதுவது என்று எனக்கு அதிக நேரம் யோசனை ஓடவில்லை.

ஒரு காலத்தில் புனே தமிழர்கள் ஊருக்குப் போவதென்றால் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்தான். புளியோதரைப் பொட்டலம், கூஜாவில் தண்ணீர், இரண்டு ராத்திரி. இப்போது பொங்கலுக்கும் மே மாத விடுமுறைக்கும் நம் இளைய தலைமுறை காரிலேயே கிளம்பிவிடுகிறது. சதாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி என்று இறங்கி, பெங்களூர் தாண்டி கிருஷ்ணகிரி வந்தால் பாதி ஊர் வந்த மாதிரி. நல்ல சாலை, நல்ல வண்டி. ஆனால் கிளம்புகிற நேரத்தில் வாசலில் நின்று பார்த்தால் ஒரு காட்சி மட்டும் மாறுவதே இல்லை. அப்பா ஓட்டுகிறார், பக்கத்து சீட்டில் அம்மா, அம்மா மடியில் குழந்தை. பாட்டியும் அதைத்தான் சொல்வாள்: "மடியிலேயே வெச்சுக்கோடி, அதான் பத்திரம்."

அந்த மடிக்கு எதிரே, டாஷ்போர்டு மூடிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு துணிப்பையின் வரலாறுதான் இக்கட்டுரை. ஏர்பேக் என்று எல்லோரும் சொல்கிறோம், காற்றுப்பை என்றும் எழுதுகிறார்கள். அந்தப் பைக்கும் முன் சீட்டுக் குழந்தைக்கும் உள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. பை பிறந்த அன்றே தொடங்கியது.

1952ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜான் ஹெட்ரிக் என்பவர் மனைவியோடும் ஏழு வயது மகளோடும் காரில் உலாவப் போனார். அந்தக் காலத்துக் கார்களில் முன் சீட்டு ஒரே நீளப் பெஞ்சு. குழந்தை நடுவில் உட்கார்ந்திருந்தது. ஒரு திருப்பத்தில் சாலையில் பாறாங்கல் கிடக்க, ஹெட்ரிக் பிரேக்கை மிதித்து வண்டியை ஓரத்துப் பள்ளத்தில் இறக்கினார். அந்தக் கணத்தில் அவருடைய கையும் மனைவியின் கையும் தாமாகவே நீண்டு, குழந்தை டாஷ்போர்டில் மோதாமல் தடுத்தன. யாருக்கும் காயமில்லை. நாமும் சடன் பிரேக் போட்டால் இதைத்தானே செய்கிறோம்? ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இடது கை பக்கத்திலிருப்பவர் மார்புக்குக் குறுக்கே போகும்.

நாம் அதோடு மறந்துவிடுவோம். ஹெட்ரிக் எஞ்சினியர். அந்தக் கையின் வேலையைச் செய்ய ஒரு சாதனம் இருந்தால் என்ன என்று யோசித்தார். போர்க்காலத்தில் கடற்படையில் வேலை பார்த்தபோது கண்ட ஒரு காட்சி அவருக்கு நினைவு வந்தது. பழுது பார்க்க வைத்திருந்த டார்பிடோ ஒன்றிலிருந்து அழுத்தக் காற்று திடீரென்று வெளிப்பட, மேலே மூடியிருந்த கித்தான் உறை கூரை வரைக்கும் எகிறியதாம். அழுத்தக் காற்று, துணிப்பை, மோதலை உணரும் ஒரு பொறி. இம்மூன்றையும் சேர்த்து வரைந்து 1952 ஆகஸ்டில் விண்ணப்பித்தார். 1953 ஆகஸ்ட் 18 அன்று காப்புரிமை கிடைத்தது. ஜெர்மனியில் வால்டர் லிண்டரர் என்பவர் 1951 அக்டோபரிலேயே இதே கருத்துக்கு விண்ணப்பித்திருந்தார். ஒருவரை ஒருவர் அறியாமல் இருவர். ஹெட்ரிக்கின் காப்புரிமைக் காலம் 1970ல் முடிந்தது. பை கார்களில் ஏறியது அதற்குப் பிறகுதான்.

ஏன் இவ்வளவு தாமதம்? கார் கம்பெனிகளின் அலட்சியம் பாதி. மீதி, நேரக் கணக்கு. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் சுவரில் மோதினால் எல்லாம் முடிய ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். அதற்குள் மோதலை உணர்ந்து, முடிவெடுத்து, பையை நிரப்பி முடிக்க வேண்டும். நிரப்புவதற்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு வினாடியில் நூற்றில் மூன்று பங்கு. நாம் கண் சிமிட்டுவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகிறது! அழுத்தக் காற்றுக் குப்பி அந்த வேகத்துக்குப் போதாது. 1960களின் இறுதியில் ஆலன் பிரீட் என்ற அமெரிக்கர் உணர்பொறிக்கு ஒரு வழி கண்டார். ஒரு குழாய்க்குள் ஓர் உலோகக் குண்டு, அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்க ஒரு காந்தம். வண்டி சாதாரணமாக பிரேக் போட்டால் குண்டு அசையாது. மோதினால் காந்தத்தை மீறி முன்னே பாய்ந்து மின்தொடர்பை ஏற்படுத்தும். எளிய பொறி, ஆனால் எவ்வளவு நம்பகமானது என்று தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். நிரப்புவதற்கோ காற்றையே விட்டுவிட்டார்கள். சோடியம் அசைடு என்ற வேதிப்பொருளைப் பற்றவைத்து, அதிலிருந்து வெளிப்படும் நைட்ரஜன் வாயுவால் பையை நிரப்பினார்கள். பிற்காலத்தில் வேறு வேதிப்பொருட்கள் வந்தன.

இந்த இடத்தை வாசகர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏர்பேக் பலூன் மாதிரி ஊதுவதில்லை, தீபாவளி வெடி மாதிரி வெடிக்கிறது. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் அளவு வேகத்தில் மூடியைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. நம் உடம்பு அதன்மேல் படுகிற நேரத்தில் அது விரிந்து முடித்து, துளைகள் வழியே வாயுவை விட்டு மெல்ல இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் அது மெத்தை. விரிந்துகொண்டிருக்கும்போதே முகம் அங்கே போய்விட்டால் அது மெத்தையன்று, குத்து.

சரி, ஏர்பேக்கை இங்கே நிறுத்திவைத்துவிட்டு மடிக்கு வருவோம். குழந்தைக்கென்று கார் இருக்கை அமெரிக்காவில் 1930களிலேயே விற்றது. ஆனால் அது பாதுகாப்புக்கு அல்ல. குழந்தை ஓரிடத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கட்டும் என்று. உண்மையான பாதுகாப்பு இருக்கை ஸ்வீடனிலிருந்து வந்தது. தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959ல் வோல்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் கொடுத்த அதே நாடு. அங்கே பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவப் பேராசிரியர், ஜெமினி விண்கலத்து வீரர்கள் மேலெழும்பும்போது முதுகில் பாரம் பரவும்படி படுத்திருப்பதைக் கவனித்து, 1964ல் பின்னோக்கி அமரும் குழந்தை இருக்கையை வடிவமைத்தார். கைக்குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு; கழுத்தோ இளசு. முன்னோக்கி உட்கார்ந்து மோதினால் அந்தத் தலையை அந்தக் கழுத்து தாங்காது. பின்னோக்கி உட்கார்ந்தால் முதுகும் தலையும் சேர்ந்து இருக்கையில் அமுங்கும். அவ்வளவுதான் தத்துவம்.

மடியில் இருந்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூடப் பௌதிகம்தான். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காரின் முன்பகுதி அறுபது, எழுபது சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்துக்குள் வேகம் பூஜ்யமாக வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் சராசரியாகத் தன் எடையைப் போலப் பதினைந்து மடங்கு விசையோடு முன்னே இழுபடும். பத்து கிலோ குழந்தை 150 கிலோ ஆகிவிடுகிறது. மூன்று சிமெண்ட் மூட்டை. எந்தத் தாயின் கை அதைப் பிடித்து நிறுத்தும்? அன்பு குறைவு என்று அர்த்தமில்லை, தசைக்கு அந்தச் சக்தி கிடையாது. தாய் பெல்ட் போடாதிருந்தால் இன்னும் மோசம். அறுபது கிலோ எடையுள்ள அவள் 900 கிலோவாகப் பின்னாலிருந்து வருகிறாள். குழந்தை அவளுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் அகப்படுகிறது.

இதை ஒரு மாநிலத்தின் சட்டமன்றமே புரிந்துகொள்ளாமல் இருந்தது என்றால் நம்ம பாட்டியை என்ன சொல்வது? 1978ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் அந்நாட்டிலேயே முன்னோடியாக, சிறு குழந்தைகளுக்குக் கார் இருக்கை கட்டாயம் என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குழந்தை மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் அலைந்து வாங்கிய சட்டம். ஆனால் கடைசி நேரத்தில் அதில் ஒரு விலக்கு நுழைக்கப்பட்டது: பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் வைத்திருந்தால் போதும். அந்த விலக்குக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் "குழந்தை நசுக்கித் திருத்தம்". 1981ல் அதை நீக்கினார்கள்.

இனி இரண்டு கதைகளும் சந்திக்கும் இடம். பின்னோக்கிய இருக்கையைத் தந்த அதே ஆல்ட்மன், இரண்டு சகாக்களோடு சேர்ந்து 1974ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். டாஷ்போர்டுக்கு அருகே நிற்கும் குழந்தையின்மேல் ஏர்பேக் விரிந்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. குழந்தையை வைத்துச் சோதிக்க முடியாதல்லவா, பன்றிகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு கடுமையாகவே இருந்தது. ஆகவே 1974லேயே விஷயம் தெரியும். தெரிந்த விஷயம் சட்டத்துக்குள் போய்ச் சேர இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மனம் ஆறாத பகுதி.

நடுவில் நடந்தது அரசியல். 1969லிருந்து அமெரிக்க அரசு, பயணி எதுவும் செய்யாமலே காக்கும் சாதனம் வேண்டும் என்று கம்பெனிகளை நெருக்கியது. 1971ல் இரண்டாம் ஹென்றி ஃபோர்டும் லீ அயகோக்காவும் அதிபர் நிக்சனை நேரில் சந்தித்துத் தள்ளிப்போடச் சொன்னார்கள். நிக்சன் வெள்ளை மாளிகையில் எல்லாவற்றையும் ரகசியமாக ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தாரே, அதில் இதுவும் மாட்டிக்கொண்டது. 1970களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் பத்தாயிரம் கார்களில் ஏர்பேக் வைத்து விற்றுவிட்டு நிறுத்திவிட்டது. 1981ல் ரீகன் அரசு விதியையே ரத்து செய்ய, 1983ல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைச் செல்லாது என்றது. 1984ல் போக்குவரத்து அமைச்சர் எலிசபெத் டோல் விதியைத் திரும்பக் கொண்டுவந்தார். குழந்தைகளுக்கு ஆபத்து என்று கம்பெனிகளும் இடையிடையே சொன்னார்கள். ஆனால் அவர்கள் எதையுமே வேண்டாம் என்றவர்கள். செலவுக்குப் பயந்து சாக்குச் சொல்கிறார்கள் என்று யாரும் காதில் வாங்கவில்லை. உண்மையைச் சொன்னவருக்குச் சுயநலமும் இருந்ததால் உண்மை அடிபட்டுப்போன கதை.

அதைவிட முக்கியமானது பையின் அளவுகோல். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர்கூட பெல்ட் போடவில்லை. போட மாட்டேன் என்கிறவனைக் காப்பாற்றுவதுதான் ஏர்பேக்கின் வேலை என்று விதி எழுதினார்கள். சோதனை என்ன தெரியுமா? சுமார் 78 கிலோ எடையுள்ள ஆண் பொம்மை, பெல்ட் இல்லாமல், 48 கிலோமீட்டர் வேகத்தில் கான்கிரீட் சுவரில் மோத வேண்டும். அந்த ஆளைத் தாங்கி நிறுத்த வேண்டுமென்றால் பை பெரிதாக, ஆவேசமாக வந்தாக வேண்டும். ஐரோப்பாவில் பெல்ட் கட்டாயம் என்பதால் அங்கே சிறிய பை போதுமென்று வைத்தார்கள். மெர்சிடிஸ் கம்பெனி 1980 இறுதியில் தன் எஸ் வகுப்புக் காரில் வைத்தபோதே பெல்ட்டை இறுக்கும் கருவியோடு சேர்த்துத்தான் வைத்தது. நம்ம வண்டிகளில் ஸ்டியரிங்மேல் எஸ்.ஆர்.எஸ். என்று மூன்றெழுத்து பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் முதல் எழுத்துக்கு "துணை" என்று பொருள். பெல்ட்டுக்குத் துணை. முதலாளி பெல்ட், உதவியாள்தான் பை.

முதலில் வந்த செய்தியெல்லாம் நல்ல செய்திதான். 1990 மார்ச்சில் வர்ஜீனியா மாநிலத்தில் ஏர்பேக் வைத்த இரண்டு கிரைஸ்லர் கார்கள் நேருக்கு நேர் மோதின. இரண்டு ஓட்டுநர்களும் உயிரோடு எழுந்து வந்தார்கள். எதிர்ப்பு அடங்கியது. 1971ல் நிக்சனிடம் போன அயகோக்காவே அப்போது கிரைஸ்லர் தலைவராக ஏர்பேக்கை விளம்பரப்படுத்திக்கொண்டிருந்தார்! 1991ல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது: 1998 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் பை கட்டாயம். பக்கத்து சீட்டுப் பை பரவலானபோதுதான் குழந்தைகள் சாகத் தொடங்கினார்கள்.

பெரிய விபத்துகளில் அல்ல. கடை வாசலில், சிக்னலில், பம்பர் நசுங்கிய அளவு மோதல்களில். பெல்ட் இல்லாத குழந்தை பிரேக் போட்டதுமே முன்னே சரிந்து, முகம் மூடிக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிடுகிறது. 78 கிலோ ஆளுக்காகச் செய்த பை அந்த முகத்தைச் சந்திக்கிறது. பின்னோக்கிய இருக்கையை முன் சீட்டில் வைத்தால் அதன் முதுகு, அதாவது குழந்தையின் தலை, நேராக மூடியை ஒட்டியே இருக்கும். இரண்டும் நல்ல சாதனம், இரண்டும் சேர்ந்தால் எமன். 1995ல் மேரிலாண்ட் மாநிலத்தில் இப்படி இறந்த சிறுமிக்கு வயது ஏழு. ஹெட்ரிக்கின் மகளுக்கு அன்று என்ன வயதோ அதே வயது. அவளுடைய தகப்பனார் வழக்கறிஞர். மற்றப் பெற்றோர்களைச் சேர்த்து, எச்சரிக்கை அச்சிடு என்று அரசையும் கம்பெனிகளையும் விடாமல் துரத்தினார். 1990 முதல் சுமார் இருபது ஆண்டுகளில் மெதுவான மோதல்களில் ஏர்பேக்காலேயே இறந்தவர்கள் அந்த நாட்டில் 290க்கும் மேல். அதில் பயணிகள் பக்கத்தில் இறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குழந்தைகள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1997 மார்ச்சில் பையின் வேகத்தைக் குறைக்க அனுமதி. அதே ஆண்டு இறுதியில், தேவைப்பட்டோர் பையை நிறுத்திவைக்க சுவிட்ச். வெயில்மறைப்பில், பின்னோக்கிய குழந்தைப் படத்தின்மேல் சிவப்புக் கோடு. பன்னிரண்டு வயது வரை பின் சீட்டு என்று நாடு முழுக்கப் பிரசாரம். 2000ல் புதிய விதி: இனி சோதனையில் குழந்தைப் பொம்மைகளும் உண்டு, சீட்டில் இருப்பது யார் என்று எடையால் அறிந்து பை விரிய வேண்டும், அல்லது விரியாமல் இருக்க வேண்டும். 2006க்குள் அது எல்லாப் புதுக் கார்களுக்கும் வந்தது. குழந்தைச் சாவுகள் ஏறக்குறைய அற்றுப்போயின. ஏர்பேக்கே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1987 முதல் 2017 வரை முன்பக்க ஏர்பேக்குகள் அமெரிக்காவில் காப்பாற்றிய உயிர்கள் 50,457 என்பது அந்நாட்டு அரசின் மதிப்பீடு.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2014 ஜனவரியில் ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ என்று இங்கே விற்ற ஐந்து கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை குளோபல் என்கேப் அமைப்பு மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். அதற்குப் பிறகுதான் அரசு விழித்தது. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். 2021 முடிவதற்குள் பக்கத்து சீட்டுக்கும் கட்டாயம். 2019ன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 194பி என்று ஒரு பிரிவு வந்தது: பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்காமல் வண்டி ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம். ஆறு ஏர்பேக் கட்டாயம் என்ற அறிவிப்பு மட்டும் வந்து, தள்ளி, 2023ல் கைவிடப்பட்டது.

அதாவது அமெரிக்காவில் 1990களில் நடந்தது இங்கே 2021ல் நடந்தது. பை எல்லா முன் சீட்டுக்கும் வந்துவிட்டது, பழக்கம் அப்படியே இருக்கிறது. நம் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் குழந்தையை எடை பார்த்துப் பையை நிறுத்தும் ஏற்பாடும் கிடையாது. 2024 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் முன் சீட்டில் தாய் மடியில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை. அதே ஆண்டு டிசம்பரில் நமக்கு இங்கிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ள நவி மும்பை வாஷியில் முன் சீட்டில் இருந்த ஆறு வயதுப் பையன். 2025 ஜூலையில் நம்ம திருப்போரூர் பக்கத்தில் முன் சீட்டில் தகப்பன் மடியில் இருந்த ஏழு வயதுப் பையன். மூன்றிலும் கூட இருந்த பெரியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

மலப்புறம் சம்பவத்துக்குப் பிறகு, 2024 அக்டோபரில், கேரளப் போக்குவரத்துத் துறை குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கப் போவதாக அறிவித்தது. மக்கள் முணுமுணுத்ததும் அமைச்சரே இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். மத்தியச் சட்டத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

சில விஷயங்களை ஊருக்குக் கிளம்பும் குடும்பங்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையாரை டாஷ்போர்டில் ஒட்டுவது நம் வழக்கம். நானும் பிள்ளையார் பக்தன்தான். ஆனால் பக்கத்து சீட்டுக்கு நேரே, ஏர்பேக் என்று எழுதிய மூடிமேல் அவரை உட்கார்த்தி வைத்தால், மோதும்போது அவர் கவண்கல்லாக வருவார். நடுவிலோ வேறிடத்திலோ வையுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். வண்டிக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்பு, உணர்பொறிக்கு வர வேண்டிய அதிர்ச்சியை மாற்றிவிடும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. என் மகன் வண்டி எடுத்தபோது ஷோரூம் ஒன்றில் அதை "இலவச ஃபிட்டிங்" என்று மாட்டித் தரப் பார்த்தார்கள். கழற்றச் சொல்ல அரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. ஓட்டுநருக்கு மார்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பக்கத்தில் இருப்பவர் காலைத் தூக்கி டாஷ்போர்டில் வைக்கக் கூடாது. கைக்குழந்தைக்குப் பின் சீட்டில் பின்னோக்கிய இருக்கை, வளர வளர முன்னோக்கிய இருக்கை, அதற்குப் பிறகு பெல்ட் கழுத்தில் படாமல் தோளில் படும்படி உயர்த்தும் இருக்கை. வண்டி விலைக்கு முன்னால் இதன் விலை ஒன்றுமே இல்லை. "பிள்ளை அழுதே, மடிக்கு வரணும்ங்குதே" என்பார்கள். அழும். அடுத்த டோல் தாண்டி வண்டியை நிறுத்தி, இறக்கி, கொஞ்சி, பால் கொடுத்து, திரும்ப உட்கார வைக்க வேண்டியதுதான். எண்ணூறு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகும்.

2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுச் சோதனைத் திட்டம் தொடங்கியது. முதல் முடிவுகள் அந்த டிசம்பரில் வந்தன. அதில் பெரியவர் பொம்மைகளோடு இரண்டு குழந்தைப் பொம்மைகளும் உண்டு. ஒன்று ஒன்றரை வயது, மற்றொன்று மூன்று வயது. இரண்டையும் பின் சீட்டில், குழந்தை இருக்கையில் கட்டித்தான் வண்டியை மோதவிடுகிறார்கள்.